தெறிக்கல்லும் நீலக்கல்லும்

கற்குவியலின் மேற் குந்தியிருந்து ஒரு கல்லை நாவினால் நக்கிக்கொண்டிருந்த வேளையிலேதான் பிலோமினா என்னும் குருநகர்ப் பெண்மணி என்னை முதன்முதலாகக் கண்டார்.

"ஆண்டவரே! இஞ்சை ஒருக்கா வாங்கோவன். இந்த மனிசன் கல்லுத் தின்னுது."

கிணற்றுக் குழியினுள் நின்ற அவருடைய கணவர் மரியதாஸ் தலையை வெளியே நீட்டாமலே விடையிறுத்தார்.

"தின்னட்டும். அரிசி மிச்சம்."

சுற்றி நின்ற கடற்றொழிலாளர் அனைவரும் சிரித்தனர். சோளகக் காற்று செம்மண்ணை வாரி எங்கள் எல்லோருடைய முகத்திலும் பூசிக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவில்லை. கல்லை மீண்டும் ஒரு முறை நக்கி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த கல் தன் உள்ளுருவைக் காட்டாது. ஈரம் பட்ட மாத்திரத்தில், அதனுள்ளே புதைந்து கிடக்கும் சிப்பியும் சோகியும் பூச்சியும் தெளிவாகத் தோன்றும். குடிநீருக்கே ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம் நடக்கும் மக்களிடம் கல்லை நனைக்கத் தண்ணீர் கேட்பது முறையாகுமா? ஆதலால் என் நாவே எனக்குப் போதுமாயிருந்தது.

புத்தூருக்கு வடக்கே, வெளியூரில் வாழ்ந்த ஒருவருக்குச் சொந்தமான பற்றைக் காணி அது. கரையோரத்தில் ஷெல் விழத் தொடங்கிய பின்னர், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த நாற்பது குடும்பங்கள் வரையில் அங்கே ஓலைக் கொட்டில் போட்டிருந்தன. ஊர்க் கிணறுகளில் அவர்களுக்குத் தண்ணீர் மறுக்கப்படவில்லை. ஆனால் ஊரார் அள்ளி முடித்த பின்னரே அவர்கள் அள்ள வேண்டும் என்றொரு சொல்லப்படாத ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கு பிலோமினாவுக்கு ஒத்துவரவில்லை. "எங்கடை கிணறு எங்களுக்கு வேணும்" என்று அவரே முதலில் சொன்னாராம்.

வெடிமருந்து கிடையாது. இயந்திரத்துக்கு எண்ணெய் கிடையாது. சீமெந்து கண்ணாலும் காணக் கிடையாது. இருந்தவை கல் பெயர்க்கும் இரும்புக் கம்பியான அலவாங்கு நான்கு, சில உளி, பனையோலைக் கடகம், பிறவியிலிருந்து கடலை மட்டுமே அறிந்த ஆண்கள். இவற்றைக்கொண்டு அவர்கள் சுண்ணாம்புப் பாறையைப் பிளந்து பன்னிரண்டு முழம் இறங்கியிருந்தார்கள். அந்த உறுதியைக் கேள்விப்பட்டுத்தான், அழையாத விருந்தாளியாக நான் சைக்கிளில் சென்றேன்.

கல்லு மாஸ்ரர்

என்னை 'கல்லு மாஸ்ரர்' என்று அழைப்பார்கள். நான் எந்தப் பள்ளியிலும் கற்பித்தவன் அல்லன். எட்டாம் வகுப்புக்கு மேலே படித்தவனும் அல்லன்.

நிலத்தடி நீருக்காகத் துளையிடும் ஓர் அலுவலகத்தில் களஞ்சியக் காப்பாளனாகச் சில காலம் பணியாற்றினேன். துளையிடும் குழாயினுள்ளே உருண்டு நீண்ட தண்டுகளாகக் கல் வரும். அவற்றை மேலது மேலாகவும் கீழது கீழாகவும் மரப்பெட்டிகளில் அடுக்கி இலக்கமிடுவது என் வேலை. எண்பத்து மூன்றின் கலவரத்துக்குப் பின்னர் அந்தக் கற்களை வாசிக்கத் தெரிந்த அதிகாரி வெளிநாடு சென்றுவிட்டார். பெட்டிகளும் நானும் எஞ்சினோம்.

ஒருவருமே வாசிக்காத கடிதங்களைக் காவல் காப்பது போன்ற வெட்கம் எனக்கு உண்டாயிற்று. யாழ்ப்பாணப் பட்டினத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை இழந்த ஆங்கில நிலவியல் நூல் ஒன்றை வாங்கினேன். அகராதியின் துணையோடு ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப் பொழுது சென்றது.

அந்நூல் எனக்குச் சொன்னவை மிக எளியவை. ஒன்றின் மேலொன்றாய்ப் படிந்த படைகளில் கீழே கிடப்பதே மூத்தது. ஒரு படை உங்கள் வளவோடு முடிவதில்லை. அயலவன் வளவுக்குக் கீழும் அது தொடரும். நம்மவர்கள் வேலிக்காக வழக்காடுகிறார்கள். வேலி மேலே இருக்கிறதேயன்றிக் கீழே இல்லை.

மூன்றாவது பாடம்தான் கடினமானது. ஓரிடத்துப் படையையும் வேறோரிடத்துப் படையையும் ஒன்றென்று எவ்வாறு அறிவது? ஆழத்தை நம்பக் கூடாது. நிலம் மேடும் பள்ளமுமானது, படைகளும் சாய்ந்தே கிடக்கும். நிறத்தை நம்பக் கூடாது. மழையும் மண்ணும் அதை மாற்றிவிடும். அந்தப் படை சேறாய்க் கிடந்த காலத்தில் அதனுள் வாழ்ந்து மடிந்த உயிர்களின் உருவத்தையே நம்ப வேண்டும்.

இவ்விடத்தில், அடியே காணாதென்று பேர்பெற்ற நிலாவரைக் கிணற்றைப் பற்றி ஒரு சொல். அதிலே போட்ட தேசிக்காய், அதாவது எலுமிச்சை, தொலைவில் கடலோரத்துக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் இளமையில் மூன்று தேசிக்காய் போட்டுப் பார்த்திருக்கிறேன். கீரிமலைக்குப் போய்ப் பார்க்கப் பஸ்ஸுக்குக் காசிருக்கவில்லை. ஆயினும் நிலத்தின் அடியில் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையன என்ற எண்ணம் அந்த நாளிலேயே என்னுள் விழுந்தது.

என் குறிப்புக் கொப்பியில் புத்தூர்ப் பக்கத்துப் படைகளுக்கு நானே பெயரிட்டேன். மேலே செம்மண். அதன் கீழ் பொரிக்கல்: மஞ்சள் நிறம், உடலெங்கும் பொத்தல். அதன் கீழ் தெறிக்கல்: சட்டைப் பொத்தானாகிய தெறி போன்ற சிறு வட்டத் தட்டுகள் நெருக்கமாய்ப் பதிந்தது, அந்தத் தட்டுகள் ஒரு காலத்துக் கடற்பூச்சிகளின் ஓடுகள். அதற்கும் கீழே நீலக்கல்: ஒரு முழத் தடிப்பும் இராது, ஆனால் அலவாங்கைத் திருப்பி எறியும் வன்மை உடையது.

நீலக்கல்லின் மேலே நிற்பது நல்ல தண்ணீர். அதன் கீழே கிடப்பது உப்பு. நல்ல தண்ணீர் நிற்கும் இடத்தை ஒரு பானையென்றால், அதற்கு நீலக்கல்லே அடித்தட்டு. தொடலாம், துளைக்கலாகாது.

இதை நான் நூலில் கற்கவில்லை. ஒருவருடைய வாழ்வைக் கெடுத்துக் கற்றேன்.

கட்டிலிருந்து அளந்தவன்

வெடிமருந்து இன்னமும் கிடைத்துக்கொண்டிருந்த நாள்களில், நாகலிங்கம் என்னும் வெங்காயத் தோட்டக்காரர் புதுக் கிணறு வெட்டினார். எவ்வளவு ஆழம் போகலாம் என்று என்னைக் கேட்டார். ஒருவர் என்னை மதித்துக் கேட்ட முதற் கேள்வி அது. அவருடைய தமையனாரின் கிணறு பக்கத்து வளவில் இருந்தது. பதினெட்டு முழம், கற்கண்டுத் தண்ணீர்.

"பதினெட்டு முழம் போங்கோ அண்ணை. பயப்பிடாதையுங்கோ" என்றேன்.

எங்கள் நாட்டில் கிணற்றாழத்தை எவரும் நிலமட்டத்திலிருந்து சொல்வதில்லை. கிணற்றைச் சுற்றி எழுப்பிய கட்டின் மேல் விளிம்பிலிருந்தே சொல்வோம்; கயிறு அங்கேதானே தொடங்குகிறது. தமையனார் செல்வாக்கானவர், அவருடைய கட்டு மூன்று முழ உயரம். நாகலிங்கத்தாரின் புதுக் குழிக்கோ கட்டே கிடையாது.

பதினைந்தில் நிற்க வேண்டியவரைப் பதினெட்டுக்கு அனுப்பினேன். கடைசி வெடி நீலக்கல்லைத் துளைத்தது. ஒரு கிழமைக்குள் தண்ணீர் கரித்தது. அடுத்த போகத்தில் வெங்காயம் தாள் கருகி நின்றது.

என் பிழை எதுவென்று மூன்றாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை. "நிலத்தின்ரை வாசி" என்றேன். கல்லின் மேலே பழியைப் போட்டேன். அன்றிலிருந்து நாகலிங்கத்தார் என்னோடு கதைப்பதில்லை. நானும் அவருடைய வீடிருக்கும் ஒழுங்கை வழியே போவதில்லை.

மஞ்சளாய் வந்த நீலக்கல்

இனி, நான் கல் நக்கிய அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

என் நாவின் ஈரத்தில் கல்லெங்கும் சிறு வட்டங்கள் விழித்தன. தெறிக்கல்! குழியினுள் இறங்கினேன். கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வாயில் விட்டுப் பார்த்தேன், நல்ல தண்ணீர். அதன் கீழே காலில் முட்டிய கல் வழுவழுப்பாக, மிக வன்மையாக இருந்தது.

"தம்பி மரியதாஸ், இதோடை நிப்பாட்டும். இதுக்குக் கீழை உப்பு."

"என்ன கதைக்கிறியள் மாஸ்ரர்? கணுக்கால் தண்ணி. நாப்பது வீட்டுக்கு இது கால் கழுவக் காணாது."

"கீழை கிடக்கிறது நீலக்கல்லு."

அவர் குனிந்து ஒரு சில்லைப் பெயர்த்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். மஞ்சட் கிழங்கைப் போன்ற நிறம்.

"உதோ நீலம்? ஐயா, எனக்குக் கல்லுத் தெரியாது. ஆனால் கண் தெரியும்."

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு விடை இருந்தது. அதை நம்பச் செய்யும் சான்று இருக்கவில்லை. நிறம் மாறக்கூடியது, தெறிக்கல்லுக்கு அடுத்து வருவதால் இது நீலக்கல்லே என்றேன். மரியதாஸ் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். அவருடைய பிள்ளைகள் காலையில் குடத்தோடு அடுத்தவர் கிணற்றடியில் காத்து நிற்பதை நாள்தோறும் காண்பவர்.

"இன்னும் ரெண்டு முழம் போறம்" என்றார். "நாளைக்கு விடிய அலவாங்கு இறங்கும். நல்ல தண்ணி வந்தால் உங்களுக்கு முதல் குடம். உப்பு வந்தால் நீங்கள் சொன்னது சரி."

"உப்பு வந்தால் உள்ள நல்ல தண்ணியும் போச்சுத் தம்பி. பிறகு நான் சரியாயிருந்து என்ன?"

அவர் அந்த மஞ்சட் சில்லை என் கையில் வைத்தார். நீலக்கல்லை ஊடறுத்து, அதன் மேற்புறமும் கீழ்ப்புறமும் கண்ணுக்குத் தெரியக்கூடியதாக அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரேயொரு கிணறுதான் இருந்தது. அது நான் கெடுத்த கிணறு.

"எனக்கு ஒரு நாள் தாரும்" என்று மரியதாஸைக் கேட்டேன். "இறைக்கிறதுக்கு ஆறு பேரையும் தாரும். கண்ணாலை காட்டுறன்."

பிலோமினாதான் முடிவு சொன்னார். "ஒரு நாள்தானே, குடுங்கோ. இந்த மனிசன் இவ்வளவு கல்லைச் சும்மா நக்கியிராது."

நாகலிங்கத்தாரின் படலை

எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த ஒழுங்கையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். பின்னால் மரியதாஸும் ஆறு பேரும், வாளியும் கயிறுமாக. நாகலிங்கத்தார் வேலிப் படலையைத் திறக்கவில்லை. அதன் மேலே கைகளை ஊன்றியபடி நின்றார்.

"என்ன மாஸ்ரர்? இன்னும் ரெண்டு முழம் போகச் சொல்ல வந்தனீங்களோ?"

"இல்லை அண்ணை. உங்கடை கிணத்துக்கை ஒருக்கா இறங்கிப் பாக்கவேணும். என்ரை பிழையைப் பாக்கவேணும்."

"எட்டு வரியமா அதைத்தான் நான் பாத்துக்கொண்டிருக்கிறன்." அவருடைய பார்வை மரியதாஸ் பக்கம் திரும்பியது. "இவை ஆர்?"

"குருநகர் ஐயா. வடக்கு வெளியிலை கிணறு வெட்டுறம்."

"உவரைக் கேட்டோ வெட்டுறியள்?"

"இல்லை ஐயா. உவர் தானா வந்து நக்குறார்."

நாகலிங்கத்தாரின் முகத்தில் ஏதோ அசைந்தது. அது சிரிப்பென்று துணிந்து எழுத எனக்கு அருகதை இல்லை. படலை திறந்தது.

"இறைக்கிறதெண்டால் இறையுங்கோ. தண்ணியைப் பூவரசுப் பக்கம் விடாதையுங்கோ. பட்டுப்போம்."

தோணியில் ஏறும் தண்ணீரை நடுக்கடலில் இறைத்துப் பழகிய கைகள் அவை. ஊற்று ஊறும் வேகத்தை அவர்களுடைய வாளிகள் வென்றன. நண்பகலாவதற்குள் தண்ணீர் நான்கு முழம் இறங்கிவிட்டது. நானும் மரியதாஸும் உள்ளே இறங்கினோம்.

சுவரில் என் கொப்பி விரிந்து கிடந்தது. பொரிக்கல். அதன் கீழே தெறிக்கல். கையால் நனைத்துத் தேய்த்ததும் வட்டங்கள் தோன்றின. தம் குழியிலிருந்து கொண்டுவந்த துண்டை மரியதாஸ் அதன் அருகே வைத்தார். ஒரே தெறி, ஒரே நெருக்கம்.

அதன் கீழே கரிய நீலமாக, ஒரு முழமும் இராத அந்தப் படை. வெடி தின்ற வாய் கிழிந்து கிடந்தது.

"பாத்தீங்களோ, நீலம்" என்றார் மரியதாஸ். "எங்கடை மஞ்சள்."

நான் அவருடைய விரலைப் பிடித்து நீலத்தின் மேலே வைத்தேன். "எடுக்காமல் வடக்குப் பக்கம் கொண்டு போம்."

விரல் மெல்ல நகர்ந்தது. நீலம் சாம்பலாயிற்று. சாம்பல் பழுப்பாயிற்று. மேலிருந்து நேரே இறங்கிய ஒரு வெடிப்பின் அருகே, செம்மண் கலந்த மழைநீர் தலைமுறை தலைமுறையாக ஒழுகிய அந்த இடத்தில், கல் மஞ்சட் கிழங்காகி நின்றது. இடையில் மூட்டு இல்லை, தையல் இல்லை. விரல் ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

மரியதாஸ் திரும்பவும் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு விரலை ஓட்டினார். பின்னர் வெடி கிழித்த வாய்க்குள் கையை விட்டு, அங்கிருந்து ஊறிய தண்ணீரை நாவில் வைத்தார். உடனே துப்பினார்.

"கடல்" என்றார். அதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

முழக்கோலால் அளந்தேன். நிலமட்டத்திலிருந்து நீலக்கல்லின் தலை சரியாகப் பதினைந்து முழம். எட்டு ஆண்டுகளாக நான் அறிந்திருந்த கணக்குத்தான். மேலே வட்டமாய்த் தெரிந்த வானத்தில் நாகலிங்கத்தாரின் தலை ஒரு பக்கமாக இருந்தது. கிணற்றுக்குள் நின்று பொய் சொல்வது கடினம். குரல் திரும்பி வந்து தன்னையே கேட்கும்.

"நாகலிங்கம் அண்ணை! நிலத்திலை பிழையில்லை. உங்கடை தமையன்ரை கிணத்தைக் கட்டிலையிருந்து அளந்த ஆழத்தை உங்களுக்கு வெறும் நிலத்திலையிருந்து சொல்லிப்போட்டன். மூண்டு முழம். என்ரை பிழை."

மேலே அந்தத் தலை விளிம்புக்குள் இன்னும் சற்றுக் குனிந்தது.

"உதைச் சொல்ல எட்டு வரியம் எடுத்ததோ?"

"ஓம் அண்ணை."

"ஏறி வாங்கோ. தேத்தண்ணி ஊத்திக் கிடக்கு." தலை மறைந்தது; மீண்டும் வந்தது. "உங்களுக்கில்லை. இறைச்ச பெடியளுக்கு."

நான் குடிக்கவில்லை. அந்தத் தண்டனை எனக்கு ஏற்றதாகவே இருந்தது.

கீழே அல்ல, பக்கமாக

அன்று மாலை குழியைச் சுற்றி நாற்பது குடும்பமும் கூடியது. மரியதாஸ் பேசினார்.

"கீழை போனால் கடல் வரும். கடலை விட்டிட்டுத்தானே ஓடி வந்தனாங்கள்; அதைத் திரும்ப இஞ்சை தோண்டி எடுக்கிறதோ?"

"அப்ப தண்ணிக்கு?" என்றாள் ஒருத்தி.

"அகலிக்கிறம். சுத்தவர ஆறு முழம்."

முணுமுணுப்பு எழுந்தது. ஆறு முழம் அகலிப்பதென்றால் இதுவரை பிளந்த கல்லைப் போல மூன்று மடங்கு. மாரிக்கு இரண்டே மாதம். கைகளில் கொப்புளம் இல்லாதவர் அங்கே இல்லை.

"நீலக்கல்லுக்கு மேலை எங்கை வெட்டினாலும் ஊறும்" என்று அப்போதுதான் நான் சொன்னேன். "கிணறு பெரிசெண்டால் விடியும்வரை ஊறி நிறைஞ்சு நிக்கும். பெலன் ஆழத்திலை இல்லை."

பிலோமினா கடகத்தை எடுத்துத் தலையில் வைத்தார். "கதைச்சது காணும். கல்லை ஆர் தூக்கித் தாறியள்?"

இரண்டு மாதமும் அலவாங்கு ஓயவில்லை. உளி மழுங்கியது, புத்தூர்க் கொல்லர் காய்ச்சிக் கொடுத்தார். மூன்றாம் கிழமையில் நாகலிங்கத்தார் தம்முடைய பழைய அலவாங்கை வேலியோரம் சாத்திவிட்டு, எவரோடும் கதைக்காமல் போனார். நான் ஒவ்வொரு முழத்துக்கும் கல்லை நனைத்துத் தெறியைத் தேடினேன். கிழக்கே போகப் போகத் தெறிக்கல் விரல்விரலாகத் தாழ்ந்தது. ஆதலால் அந்தப் பக்கம் அரை முழம் கூடுதலாக இறங்க இடம் கிடைத்தது. அந்த அரை முழத்தில் ஊற்று நன்றாகத் திறந்தது.

முதல் மழைக்கு முன்னரே இடுப்பளவு தண்ணீர். எல்லோரும் குடித்துப் பார்த்து நல்லதென்றார்கள். பிலோமினா எவருடைய நாவையும் நம்பவில்லை. ஒரு சுண்டு அளவு பருப்பை அந்தத் தண்ணீரில் அடுப்பேற்றினார்; உவர்த் தண்ணீரில் பருப்பு அவியாது. நாற்பது குடும்பமும் ஒரு பானையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அகப்பையால் ஒரு பருப்பை எடுத்து விரலால் அமுக்கினார்.

"மா மாதிரிக் கரையுது" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

வண்டில் காத்து நின்ற நாள்

அந்தக் கிணறு மூன்று கோடைகளில் வற்றவில்லை. அதன் பின்னர் ஓர் ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. அந்த நாளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

கொப்பிகளை மழை படாமல் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தக் கொட்டில்களுக்குச் சென்றேன். வண்டிலில் சாமான் ஏறிவிட்டது. பிலோமினா நின்றார், மரியதாஸைக் காணவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து உளிச் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே பாறைத் திட்டொன்றில் காலூன்றி, இடுப்பில் கயிறு கட்டி, அதைக் கிணற்றடிப் பூவரசொன்றில் முடிந்து, அவர் சுவரிலே எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். 'அடியில் உப்பு' என்பது முடிந்துவிட்டது. அதன் கீழே 'தோண்டா' வரை வந்திருந்தது.

"தம்பி, எல்லாரும் வெளிக்கிட்டாச்சு. இப்ப உது ஆருக்கு?"

"ஆரோ வருவினம் மாஸ்ரர். தண்ணி காணாதெண்டு அலவாங்கோடை இறங்குவினம். உங்கடை கொப்பி அவையிட்டை இராது."

"வாசிப்பினமோ?"

"கிணத்துக்கை இறங்கிறவன் சுவரைப் பாக்காமல் இறங்கேலாது."

வண்டிற்காரர் கூப்பிட்டார். பிலோமினா கிணற்றடிக்கு ஓடி வந்தார். "சனம் முழுக்கப் போயிட்டுது! இந்த மனிசனுக்கு விசரே?"

"ஒரு எழுத்துத்தான் கிடக்கு" என்றது கீழிருந்து குரல்.

பிலோமினா என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். மழையில் முடிச்சு நழுவத் தொடங்கியிருந்தது. இருவருமாக அதைப் பற்றிக்கொண்டோம்.

"ஆழமா வெட்டும்" என்று நான் சொன்னேன். "அவசரப்படாதையும்."